அத்தியாயம் 5: ஒரே அளவு, வேறு வேறு பந்து

பௌலிங் கூடத்தில் வரிசையாக அடுக்கியிருக்கும் பந்துகளில் 6 பவுண்டு பந்தும் 16 பவுண்டு பந்தும் உருவத்தில் ஒன்றுதான். பார்த்த மாத்திரத்தில் கனத்தைச் சொல்ல முடியாது என்பதால்தான் மேலே எண்ணைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். விட்டம் 8.5 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 8.595 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. எடை 16 பவுண்டை, அதாவது சுமார் 7.26 கிலோவை மீறக் கூடாது. இது அமெரிக்காவின் யுஎஸ்பிசி அமைப்பு வகுத்த விதி. பெரிய தயாரிப்பாளர்கள் எல்லோரும் இதற்கு உட்பட்டே பந்து செய்கிறார்கள்.

இந்த அளவுள்ள உருண்டை தண்ணீரில் முழுதாக அமிழ்ந்தால் ஏறக்குறைய 12 பவுண்டு நீரை ஒதுக்கும். ஆகவே 10 பவுண்டு பந்து மிதக்கும், 14 பவுண்டு பந்து மூழ்கும். சொன்னால் நம்பமாட்டார்கள், ஒரு தொட்டி தண்ணீர் போதும் காட்டிவிட. வெளி அளவு மாறாமல் கனம் மட்டும் மாற வேண்டுமென்றால் உள்ளே நிரப்பும் சரக்கு மாறியாக வேண்டும். பந்துகளுக்குள் இருக்கும் வேற்றுமைகளில் இது ஒன்றுதான் நமக்குப் பந்தின் மேலேயே எண்ணாக எழுதித் தரப்படுகிறது. மற்றவற்றை நாமேதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்க வேண்டியவை நான்கு: மேலோடு என்ன பொருள், அதன் மேற்பரப்பு எவ்வளவு சொரசொரப்பு, உள்ளே இருக்கும் கோர் என்ன வடிவம், விரல் துளைகள் எப்படிப் போடப்படுகின்றன. நான் இவற்றை முக்கியத்துவத்தின் வரிசையில் சொல்லியிருக்கிறேன், ஒன்றைத் தவிர. துளைகள் கைக்குப் பொருந்தாவிட்டால் முதல் மூன்றும் வீண். நிறத்தையும் பெயரையும் இந்தப் பட்டியலில் தேடாதீர்கள்.

எண்ணெய் இருக்கும் தரை

மேலோடு ஏன் முதலில் வருகிறது என்பது லேனைப் புரிந்துகொண்டால் விளங்கும். ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அகலம் 41.5 அங்குலம், அது 39 பலகைகளாகக் கணக்கிடப்படுகிறது. புதிதாக ஆட வருபவர்களில் பாதிப் பேருக்கு அந்தத் தரையில் எண்ணெய் பூசியிருப்பதே தெரியாது. ஃபவுல் கோட்டிலிருந்து பெரும்பாலும் 40 அடி வரை மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். அதற்கப்பால் பின்கள் நிற்கும் இடம் வரை காய்ந்த தரை. சாதாரணக் கூடங்களில் நடுவில் எண்ணெய் அதிகம், ஓரங்களில் குறைவு.

கையிலிருந்து பக்கவாட்டுச் சுழற்சியோடு கிளம்பும் பந்து எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்த தரையைத் தொட்டதும் பிடிப்புக் கிடைத்து வளையத் தொடங்கும். கடைசியில் வழுக்கல் முழுவதும் நின்று, உருண்டபடி பின்களுக்குள் நுழையும். எண்ணெயில் இருக்கும் உராய்வைவிடக் காய்ந்த பகுதியின் உராய்வு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று எடுத்துக்கொண்டுதான் இயற்பியலாளர்கள் இந்தப் பாதையைக் கணக்கிடுகிறார்கள்.

வளைவதால் என்ன லாபம்? வலக்கை ஆட்டக்காரருக்கு முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் இடையே உள்ள சந்துதான் இலக்கு. அதில் சுமார் 6 பாகைக் கோணத்தில் நுழையும் பந்துக்கு ஸ்ட்ரைக் வாய்ப்பு மிக அதிகம். நேராக உருட்டும் பந்துக்கு அந்தக் கோணம் கிடைக்கவே கிடைக்காது. லேனின் அகலம் அதற்கு இடம் தராது. சுத்தமான ஸ்ட்ரைக்கில் பந்து தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கு பின்களை மட்டுமே. மற்ற ஆறையும் பின்களே ஒன்றையொன்று தள்ளி வீழ்த்துகின்றன. நுழையும் கோணம் சரியில்லாவிட்டால் முதல் பின்னை அடித்ததும் பந்து ஒதுங்கிப்போய் 5ஆம் பின் நின்றுவிடும்.

பந்தின் தோல் தரையை எவ்வளவு பிடிக்கிறது, எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது: பந்துத் தொழிலின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடந்திருக்கிறது.

மரத்திலிருந்து ரியாக்டிவ் வரை

ஆரம்பத்தில் பந்துகள் லிக்னம் விட்டே என்ற மரத்தில் கடையப்பட்டன. கரீபியத் தீவுகளிலும் தென் அமெரிக்காவின் வடகரையிலும் வளரும் மரம் அது. தண்ணீரில் மூழ்குமளவுக்குக் கனமானது. கப்பல்களின் சுழலித் தண்டுக்குத் தாங்கியாகவும் பயன்பட்டது. 1905இல் கடின ரப்பர் பந்து வந்தது. அடுத்த அரை நூற்றாண்டு ரப்பரின் காலம். 1959இல் பாலியெஸ்டர், அதாவது இன்று எல்லோரும் பிளாஸ்டிக் பந்து என்று சொல்வது, சந்தைக்கு வந்து 1970களில் ரப்பரை ஓரங்கட்டியது.

அந்த 1970களில் நடந்த கூத்து ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. பிளாஸ்டிக் பந்தை மெத்தில் எத்தில் கீட்டோன் போன்ற கரைப்பானில் ஊறவைத்தால் அதன் தோல் மெதுவாகி, தரையை நன்றாகப் பிடிக்கிறது என்பதை அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். எளிதில் தீப்பற்றும் திரவம் அது. வாளியில் ஊற்றிப் பந்தை ஊறப்போட்டார்கள். இந்த முறையால் பெயர் பெற்ற டான் மெக்யூன் 1973இல், தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கமான பிபிஏவில் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரானார். பந்தின் தோலுக்குக் குறைந்தபட்சக் கடினம் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற விதி பின்னர் வந்தது. டியூரோமீட்டர் என்ற சிறு கருவியின் ஊசியைத் தோலில் அழுத்தி அளப்பார்கள். 72 என்ற அடிமட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது.

விதியால் மெதுமையைத் தடுத்தார்கள். வேதியியல் வேறு வழியாக உள்ளே வந்தது. 1981இல் ஏஎம்எஃப் நிறுவனத்தின் ஆங்கிள் என்ற பந்து பாலியூரித்தேன் தோலோடு வெளியானது. ஏறக்குறைய அதே காலத்தில் லேன்களுக்கும் பாலியூரித்தேன் பூச்சு வந்திருந்தது. இரண்டும் சேர்ந்தபோது பிடிப்புக் கூடியது. 1990களின் தொடக்கத்தில் நு-லைன் நிறுவனத்தின் எக்ஸ்காலிபர் போன்ற பந்துகளோடு ரியாக்டிவ் ரெசின் பிறந்தது. யூரித்தேன் கலவையில் சில சேர்மானங்களைக் கூட்டினால், இறுகும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாகும். அவை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். தோலில் ஒரு பசைத்தன்மையும் இருக்கும். எண்ணெயில் நன்றாக வழுக்கிவிட்டு, காய்ந்த தரையில் சட்டென்று திரும்பும் குணம் இதனால்தான்.

விளைவைப் பாருங்கள். அமெரிக்காவில் 300 புள்ளிகள் எடுத்த முழு ஆட்டங்கள் 1968–69 பருவத்தில் 905. 1998–99 பருவத்தில் 34,470. லேனின் பூச்சும் எண்ணெயிடும் முறையும் எளிதாகிவிட்டது இதில் ஒரு பங்கு என்றாலும், பந்தின் தோலை விட்டுவிட்டு இந்த எண்ணை விளக்க முடியாது.

இன்று கடையில் நீங்கள் பார்க்கப்போவது மூன்று குடும்பங்கள். பிளாஸ்டிக் எண்ணெயை உறிஞ்சாது, அதிகம் வளையாது, நேராகப் போகும். கூடத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஹவுஸ் பந்துகள் பெரும்பாலும் இதுவே. யூரித்தேன் சீக்கிரமே வளையத் தொடங்கி, அடக்கமான, ஊகிக்கக்கூடிய வளைவோடு செல்லும். ரியாக்டிவ் தாமதமாகவும் வேகமாகவும் திரும்பும். ரியாக்டிவிலேயே சாலிட், பேர்ல், இரண்டும் கலந்த ஹைப்ரிட் என்று உட்பிரிவு உண்டு. பேர்லில் மைக்கா என்ற அபிரகம் கலந்திருக்கும். முத்துப் பளபளப்பு அதிலிருந்துதான். அது எண்ணெயில் இன்னும் நீளமாக வழுக்கி, கடைசியில் கூர்மையாகத் திரும்பும். சாலிட் முன்கூட்டியே பிடித்து நிதானமாக வளையும். எண்ணெய் கனமாக இருந்தால் சாலிட், லேன் காய்ந்திருந்தால் பேர்ல் என்பது பொதுவான கணக்கு.

கிரிட் என்ற எண்

ஒரே பந்தை இரண்டு விதமாக நடக்கவைக்கலாம், உப்புத்தாள் போன்ற அப்ரலான் வட்டைக் கொண்டு. 500, 1000, 2000, 3000, 4000 என்று எண்கள் வரும். எண் குறையக் குறைய சொரசொரப்புக் கூடும். 500 கிரிட்டில் தேய்த்த பந்து எண்ணெயிலேயே தரையைப் பிடிக்கத் தொடங்கிவிடும். 4000 கிரிட்டில் தேய்த்து அதன்மேல் பாலிஷும் போட்டால் நெடுந்தூரம் வழுக்கும். புதுப் பந்தின் பெட்டியிலோ தயாரிப்பாளர் தரும் விவரத்திலோ இந்த எண் இருக்கும். கோரின் படத்தைப் பார்த்து மயங்கும் ஆட்டக்காரர்கள் இந்தச் சாதாரண எண்ணைக் கவனிப்பதே இல்லை. அதிகச் செலவில்லாமல் பந்தின் குணத்தை மாற்றக்கூடிய வழி இது ஒன்றுதான். போட்டி நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் மேற்பரப்பைத் தேய்க்க அனுமதி இல்லை. தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

தொழிற்சாலையில்

பந்து உள்ளிருந்து வெளியே வளர்கிறது. முதலில் கோர். பிசினோடு கனமான தாதுப்பொடி கலந்து அச்சில் ஊற்றி இறுகவைக்கிறார்கள். அந்தக் கோரை ஒரு கம்பியில் செருகி, உருண்டை அச்சுக்குள் அந்தரத்தில் நிற்குமாறு வைத்து, சுற்றிலும் நிரப்பியை ஊற்றுகிறார்கள். கனம் குறைந்த பந்துக்கு இந்த நிரப்பியில் உள்ளீடற்ற நுண்ணிய கண்ணாடி மணிகளைக் கூட்டுவார்கள். முன்னால் கேட்ட கேள்விக்கு, அளவு மாறாமல் எடை எப்படி மாறுகிறது என்பதற்கு, விடை இந்த ஊற்றலில் இருக்கிறது.

இறுகிய பிறகு கம்பியை உருவினால் ஒரு துளை மிஞ்சும். அதை வேறு நிறப் பிசினால் அடைத்துவிடுவார்கள். புதுப் பந்தின் மேல் தெரியும் வண்ணப் புள்ளி அதுதான். கடைக்காரர்கள் அதையும் பின் என்றே சொல்வார்கள். கோரின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அலங்காரம் என்று நினைத்து நகர்ந்துவிட வேண்டாம். துளை போடுபவர் அளவெடுக்கத் தொடங்குவதே அங்கிருந்துதான்.

அடுத்து, இன்னும் சற்றுப் பெரிய அச்சில் மேலோடு. இரண்டு திரவங்கள் இயந்திரத்தில் கலந்து, நிறமி சேர்ந்து, ஊற்றப்பட்டு விரைவாக இறுகும். இரண்டு மூன்று நிறங்களை ஒரே நேரத்தில் விடுவதால் அந்தச் சுழல் கோலம் உண்டாகிறது. இரண்டு பந்துகளில் ஒரே கோலம் அமையாது. பிறகு கடைசலில் உருட்டிச் சீராக்கி, தேய்த்து, பெயரும் தொடர் எண்ணும் பொறித்து, எடை போட்டு, கனம் மிகுந்த பக்கத்தைக் குறியிட்டு அனுப்புகிறார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரிகாம் சிட்டியில் இயங்கும் ஸ்டார்ம் நிறுவனம் மேலோட்டில் நறுமணமும் கலக்கிறது. பின்கள் விழுவதற்கு அதனால் எந்த உதவியும் இல்லை, ஆனால் பையைத் திறக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

பெயர்களைப் பற்றியும் ஒன்று. எபனைட், ஹேமர், டிராக், கொலம்பியா 300 ஆகியவை ஒரு குழுமத்தின் பெயர்களாக இருந்தன. 2019இல் பிரன்ஸ்விக் அந்தக் குழுமத்தை வாங்கி, கெண்டக்கி மாநில ஹாப்கின்ஸ்வில் ஆலையை மூடிவிட்டு, உற்பத்தியை மெக்சிகோவின் ரேனோசாவுக்குக் கொண்டுபோனது. கடை அலமாரியில் போட்டிபோடுவதுபோல் நிற்கும் பல பெயர்கள் ஒரே கூரையின் கீழ் பிறந்தவை. பெயருக்காகச் சண்டை போடுகிறவர்களை ஆடவிட்டுவிட்டு நீங்கள் மேலோட்டைக் கேளுங்கள்.

உள்ளே இருக்கும் கரு

கோர் என்பது மாங்கொட்டை மாதிரி: வெளியே உருண்டையாகத் தெரியும் பழத்துக்குள் நீண்டோ, தட்டையாகவோ, ஒரு பக்கம் புடைத்தோ இருக்கும். ஹவுஸ் பந்துகளிலும் மலிவான பிளாஸ்டிக் பந்துகளிலும் அது வெறும் தட்டு. துளை போடும்போது போகிற எடையை ஈடுகட்டுவதற்காக மேற்பரப்பின் அருகே வைத்த ஒரு வில்லை. நல்ல பந்துகளில்தான் அது வடிவமைக்கப்பட்ட பொருள்.

இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். ஒன்று ஆர்ஜி. எடை மையத்தை ஒட்டியிருக்கிறதா, விளிம்பை நோக்கிப் பரவியிருக்கிறதா என்பதை அது சொல்லும். விதி அனுமதிக்கும் எல்லை 2.46 முதல் 2.80 அங்குலம். எண் குறைந்தால் பந்து சீக்கிரம் சுழல ஆரம்பிக்கும், கூடினால் தாமதிக்கும். மற்றொன்று டிஃபரன்ஷியல், அதிகபட்சம் 0.060. இது கூடினால் சுழலும் அச்சே மெல்ல நகரும். அச்சு நகர்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய தோல் தரையில் பதியும், பிடிப்புக் கூடும்.

இதைக் கருவியில்லாமல் பார்க்கலாம். எண்ணெய் இட்ட லேனில் ஒரு முறை வீசிவிட்டுப் பந்து திரும்பி வந்ததும் துடைக்காமல் உற்றுப் பாருங்கள். எண்ணெய் வளையங்கள் விசிறிபோல் விரிந்து தெரிந்தால் அச்சு நன்றாக நகர்கிறது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே பட்டையாக இருந்தால் நகரவில்லை.

சமச்சீர்க் கோர், சமச்சீரற்ற கோர் என்று விளம்பரங்களில் நிறையப் படிப்பீர்கள். சமச்சீரற்றவற்றைத் தீவிரமாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் 2021இல் மறைந்த மோ பினல் என்ற அமெரிக்கப் பொறியாளர். வளைவின் கடைசித் திருப்பத்தை அவை கூர்மையாக்கும். ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் கையை ஒரே மாதிரி விடத் தெரிந்த பிறகே அந்த வேற்றுமை உங்களுக்குப் புலப்படும். தொடங்குபவர் சமச்சீர்க் கோரோடு நிற்பது நல்லது.

எடை குறைந்த பந்து வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 12 பவுண்டுக்குக் கீழே பல மாதிரிகளில் விளம்பரத்தில் காட்டும் கோர் இருப்பதில்லை, பொதுவான எளிய கோர் ஒன்றை வைத்துவிடுகிறார்கள். அதிக விலை கொடுப்பதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

துளைகள்

ஹவுஸ் பந்தில் நடுவிரலும் மோதிர விரலும் இரண்டாம் கணு வரை உள்ளே போகும். உங்கள் கைக்கென்று துளையிடும் பந்தில் முதல் கணு வரை போனால் போதும். இதை ஃபிங்கர்டிப் பிடி என்பார்கள். விரல்நுனியில் பிடித்தால் சுழற்சி கூடும். கட்டைவிரல் துளைக்கும் விரல் துளைகளுக்கும் இடையே உள்ள தூரம் சரியாக இருந்தால் பந்தை இறுக்கிப் பிடிக்க வேண்டியதே இல்லை. அதனால்தான் சொந்த அளவில் துளையிட்ட பந்து, அதே எடை ஹவுஸ் பந்தைவிட லேசாகத் தோன்றும். ஓரிரு பவுண்டு கூட்டி வாங்கினாலும் பெரும்பாலோர் சமாளித்துவிடுகிறார்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு ஒன்று உலவுகிறது. அதைத் தோராயமாக வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது ஆட்டத்தின் முடிவில் தோள் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை.

முதல் பந்தாக எதை வாங்குவது? பலர் மிக அதிகமாக வளையும் பந்தைத்தான் கேட்பார்கள், கடைக்காரரும் மறுக்கமாட்டார். கை இன்னும் நிலைப்படாதவரிடம் அந்தப் பந்து ஒரு வீச்சில் இடப்பக்கம் ஓடும், அடுத்த வீச்சில் நேராகப் போகும். எது கையின் பிழை, எது பந்தின் குணம் என்று பிரித்தறியவே முடியாது. மிதமான ரியாக்டிவ் ஒன்று, சமச்சீர்க் கோரோடு, 2000 அல்லது 3000 கிரிட்டில் இருந்தால் நன்றாகக் கற்றுக்கொடுக்கும். அதற்குப் பிறகு வாங்க வேண்டியது இன்னொரு ரியாக்டிவ் இல்லை, ஒரு பிளாஸ்டிக். ஓரத்தில் தனியாக நிற்கும் 10ஆம் பின்னை வீழ்த்த வளையாத பந்துதான் வேண்டும்.

பராமரிப்பும் பழைய பந்தும்

ரியாக்டிவ் தோல் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதன் நுண்துளைகள் நிரம்பினால் பிடிப்புப் போய்விடும். ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னும் காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். ஆட்டம் முடிந்ததும், தோல் இன்னும் சூடாக இருக்கும்போதே, பந்துக்குரிய சுத்திகரிப்புத் திரவம் போட்டுத் துடைத்துவிடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை விரல் துளைகளை நாடாவால் அடைத்து, கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் சிறிது நேரம் போட்டுவைத்தால் ஊறிய எண்ணெய் கசிந்து வெளியே வரும். கொதிநீர் வேண்டாம். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் பந்தை விட்டுவிட்டுப் போவது இதைவிட மோசம்: உள் அடுக்கும் மேலோடும் வெவ்வேறு அளவில் விரிவதால் தோல் வெடிக்கும். சித்திரை, வைகாசியில் பந்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

நம் பக்கத்தில் பழைய பந்து கைமாறுவது அதிகம், தப்பில்லை. பார்க்க வேண்டியவை சில. விரல் துளைகளுக்கு நடுவே மயிரிழை விரிசல் இருந்தால் வாங்காதீர்கள். முன்பு ஒருவர் கைக்குப் போட்ட துளைகளை அடைத்து உங்களுக்கென்று புதிதாகப் போடலாம். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். பிடிப்புக்குப் பயன்படாத கூடுதல் துளை ஒன்று பக்கவாட்டில் இருந்தால், அது எடையைச் சமன்செய்யப் போட்டது. 2020 ஆகஸ்ட் முதல் யுஎஸ்பிசி விதிப்படியான போட்டிகளில் அதற்கு இடமில்லை; அடைக்க வேண்டும். தொடர் எண்ணைக் குறித்துக்கொண்டு எந்த ஆண்டில் செய்தது என்று கேளுங்கள். ஹேமர் நிறுவனத்தின் பர்ப்பிள் ஹேமர் என்ற யூரித்தேன் பந்தில் 2016, 2017ஆம் ஆண்டுகளில் செய்தவற்றை, தோல் அளவுக்கு மீறி மெதுவாக இருந்ததால், யுஎஸ்பிசி 2022இல் தன் தேசியப் போட்டிகளிலிருந்து விலக்கியது. பொழுதுபோக்குக்கு ஆடுபவருக்கு அதனால் ஒன்றுமில்லை. போட்டியில் இறங்கும் எண்ணம் இருந்தால், பணத்தைக் கொடுப்பதற்கு முன்னாலேயே யுஎஸ்பிசியின் அங்கீகரிக்கப்பட்ட பந்துகளின் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.